கையைக் கட்டிக்கொள்ளும் வித்தை

சென்ற கோடை விடுமுறையில் நம் மகளுக்குச் சைக்கிள் பழக்குவது என்று தீர்மானித்தோம். குழந்தைக்கு வயது ஒன்பது. ஊர் ஏரி வற்றிக் கிடந்தது. அதன் உட்புறத் தரை சமமாகவும், விழுந்தாலும் முட்டி பெயராத மண்ணாகவும் இருந்தது. அலுவலகத்தில் எதையும் முறைப்படி செய்து பழகிய நாம், இதனையும் முறைப்படியே தொடங்கினோம். சைக்கிளின் பாகங்களை விளக்கினோம். பிரேக்கின் பயனை எடுத்துரைத்தோம். உடலின் பாரம் எந்தப் பக்கம் சாய்ந்தால் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது பற்றி ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினோம். குழந்தை ஒரு கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஏறி அமர்ந்தாள். நாம் பின்னால் இருக்கையைப் பற்றியபடி ஓடினோம்.

நான்கு நாட்கள் ஓடினோம். நம் எடை சிறிது குறைந்ததேயன்றி, குழந்தை சைக்கிள் கற்றபாடில்லை. ஐந்தாம் நாள் ஓடிக்கொண்டிருக்கையில் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் மேலதிகாரி. மூச்சு வாங்க ஓடிக்கொண்டே மேலதிகாரியிடம் பேசுதல் மரியாதையன்று எனக் கருதி, இருக்கையை விட்டுவிட்டு நின்றோம். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், குழந்தை ஏரியின் மறுகரையோரம் வட்டமடித்துக்கொண்டிருக்கிறாள்!

வீடு திரும்பி இந்த அதிசயத்தை இல்லத்தாரிடம் கூறினோம். அவர் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "நான்கு நாட்களாக அவள் விழுந்துவிடக் கூடாது என்று பிடித்திருந்தீர்கள். அவள் ஓட்டிவிடக் கூடாது என்று பிடித்திருந்தால்கூட இப்படித்தான் இருந்திருக்கும். சங்கங்களிலும் இவ்விதந்தான் பயிற்சி கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அன்று இரவு நமக்கு உறக்கம் சற்றுத் தாமதமாகவே வந்தது.

பேனா யார் கையில்?

நெசவாளர் சங்கம் ஒன்றில் புதிதாகக் கணக்கர் ஒருவர் சேர்ந்திருந்தார். இளம்பெண், பி.காம். பட்டம் பெற்றவர். நாமும் அதே பட்டம் பெற்றவரானபடியால் அவரிடம் ஒரு தனிப் பரிவு ஏற்பட்டது. நூல் வழங்கல், துணி வரவு, கூலிப் பட்டுவாடா ஆகியவற்றை நாளேட்டிலிருந்து பேரேட்டுக்குக் கொண்டுசெல்லும் முறையை அவருக்குக் கற்பிக்க அமர்ந்தோம். முதல் பதிவிலேயே அவர் பற்றை வரவுப் பக்கம் எழுதத் தொடங்கினார். "இப்படிக் கொடுங்கள் அம்மா" என்று பேனாவை வாங்கி நாமே எழுதிக் காட்டினோம். இரண்டாவது பதிவில் சற்றுத் தயங்கினார். மீண்டும் பேனாவை வாங்கினோம். மூன்றாவது பதிவுக்கு அவரே பேனாவை நம்மிடம் நீட்டிவிட்டார்!

அன்று மாலை பேரேடு அழகாக முடிந்திருந்தது. எழுத்து முழுவதும் நம்முடையது. 'நன்கு பயிற்சியளிக்கப்பட்டது' என்று குறிப்பும் எழுதி வைத்துவிட்டு வந்தோம். மூன்று மாதம் கழித்துச் சென்றபோது, நாம் எழுதிய நாள் வரையில் பேரேடு அப்பழுக்கின்றி இருந்தது. அதற்குப் பின்னர் வெற்றுத் தாள்களும் அப்பழுக்கின்றியே இருந்தன.

இதற்குப் பழிவாங்குவதுபோல் ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்ததை வாசகர்கள் அறிவர். முதலில் 63,000 சங்கங்கள் அதில் சேர்க்கப்பட்டன. அத்தகைய ஒரு சங்கத்தில் புதிய முறையைத் தெரிந்துகொள்ள நாம் மாணவராக அமர்ந்தோம். கற்பித்தவர் இருபத்துமூன்று வயது இளைஞர். நாம் சுட்டெலியைப் பிடித்துச் சரியான இடத்தைத் தேடிக்கொண்டிருக்கையில், "சார், இப்படிக் கொடுங்க" என்று வாங்கினார். படபடவென்று நான்கைந்து இடத்தில் அழுத்தினார். திரையில் பக்கங்கள் மின்னலாய் ஓடின. "அவ்வளவுதான் சார், புரிஞ்சுதுங்களா?" என்றார். "நன்றாகப் புரிந்தது" என்றோம். புரிந்தது கணிப்பொறி அன்று. சென்ற ஆண்டு அந்தப் பெண் கணக்கர் நம்மிடம் பேனாவை நீட்டியது ஏன் என்பதுதான்.

தீபாவளிக்கு ஒரு வாரம்

இதுவரை சொன்னவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க இயலாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் பார்த்துவந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் காரியதரிசி ஒருவர் பல்லாண்டுகளாகப் பணியாற்றிவந்தார். உண்மையானவர்; உழைப்பாளி; ஒரு காசும் தவறாதவர். எந்த அங்கத்தினருக்கு எந்த ரகம் நெய்ய எத்தனை சிட்டம் நூல் கொடுக்கப்பட்டது என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லுவார். உதவியாளர் இருந்தார், ஆனால் அவருக்குக் கட்டு கட்டுவது, தேநீர் வாங்கி வருவது தவிர வேறு வேலை விடப்படவில்லை. "அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நானே முடித்துவிடுவேன் சார்" என்பார் காரியதரிசி. அது பொய்யும் அன்று, அவர் முடித்துவிடுவார்.

ஓர் ஆண்டு தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் அவருக்கு நெஞ்சுவலி கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கத்தினர்களுக்கு ஊக்கத்தொகைப் பட்டியல் முடிவாகவில்லை. ஆண்டு முழுவதும் அவரவர் பெற்ற கூலியைக் கூட்டி, பிடித்தங்களைக் கழித்து எடுக்கவேண்டிய கணக்கு அது. பேரேடு இருந்தது. ஆனால் அதன் ஓரங்களில் பென்சிலால் அவர் இட்டிருந்த சுழிகளும் புள்ளிகளும் அவருக்கு மட்டுமே விளங்குபவை. சங்க முற்றத்தில் காலையிலிருந்து மாலை வரையில் நெசவாளர்கள் நின்றார்கள். யாரும் கூச்சலிடவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான்.

பக்கத்துச் சங்கக் கணக்கர்கள் இருவரை அழைத்துக்கொண்டு நாம் மூன்று இரவுகள் அந்தச் சுழிகளோடு போராடினோம். பணம் பட்டுவாடா ஆனது தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில். கையெழுத்திட்டு வாங்கிய ஒரு மூதாட்டி, "நாங்க நெஞ்ச துணியை ஊரெல்லாம் கட்டுது. எங்க பேரப் பிள்ளைங்களுக்குத் துணி எடுக்கத்தான் பொழுதில்லாமப் போச்சுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

குற்றம் யாருடையது? நோயுற்றவரைக் குறைகூறுவது நியாயமன்று. அந்த ஆண்டின் ஆய்வறிக்கையை எடுத்துப் பார்த்தோம். 'காரியதரிசி ஒருவரே எல்லா அலுவல்களையும் திறம்படக் கவனித்து வருகிறார். பாராட்டத்தக்கது' என்று எழுதியிருந்தது. கீழே இருந்தது நம் கையெழுத்து. குறையென்று எழுதியிருக்க வேண்டியதை நிறைவென்று எழுதி முத்திரையும் இட்டிருக்கிறோம்! காரியதரிசியார் குணமடைந்து திரும்பினார் என்பதையும், இப்போது அந்த உதவியாளரே பட்டியல் எழுதுகிறார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

ரைபைசனும் அவர் மகளும்

நம் நாட்டில் கூட்டுறவு வித்து ஊன்றப்பட்ட கதையை அங்கத்தினர் பயிற்சி வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரடெரிக் நிக்கல்சன் என்பார், விவசாயிகளின் கடன் சுமை தீர வழி காண ஐரோப்பிய நாடுகளின் முறைகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை அளித்தார். அத்தனை பக்கங்களின் சாரம், ரைபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்பதே. ஜெர்மனியின் கிராமங்களில் கடன் சங்கங்களை நிறுவிய பெரியார் ரைபைசன். சட்டம் மட்டும் போதாது, ஊருக்கு ஒரு நல்ல மனிதர் வேண்டும் என்பது நிக்கல்சனின் கருத்து. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஊர் ஊராக நல்ல மனிதர்களும் கிடைத்தார்கள்.

கிடைத்தவரிடம் எல்லாப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். முதல் ரைபைசனைத் தேட வேண்டும். இரண்டாவது ரைபைசனையோ முதலாமவர் உண்டாக்க வேண்டும். உண்மையான ரைபைசனுக்கே பார்வை மங்கிப்போயிற்று. எழுதவும் படிக்கவும் இயலாத நிலையில் அவருடைய மகள் அமாலியே அவருக்குக் கண்ணும் கையுமாக இருந்து கடிதங்களையும் அலுவல்களையும் கவனித்துக்கொண்டார். அமாலி ஒருவர் வீட்டிலேயே பழகியிருந்ததால் வேலை நிற்கவில்லை. நம் சங்கங்களில் அமாலி யார் என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளலாம்.

சேலத்தில் நடந்த ஒரு பாடம்

கற்பித்தல் எங்கே நடக்க வேண்டும் என்பதற்கும் நம் சேலமே ஒரு பாடம் வைத்திருக்கிறது.

நூறாண்டுகளுக்கு முன் நம் பக்கத்து நெசவாளர் பலரும் நாடாவைக் கையால் எறிந்தே நெய்துவந்தனர். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடாவை இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-இலேயே கண்டுபிடித்திருந்தார். அதனால் ஒரு நாளில் நெய்யும் துணி பெருகும். இதனை நம் நெசவாளர்க்குக் கற்பிக்க விரும்பியவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைக் கலைப் பள்ளியில் பணியாற்றி, அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் இம்மாகாணத்தில் ஊக்குவித்தவர் அவர். அவருடைய முயற்சியால் 1906-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் அரசாங்க நெசவுச் சாலை ஒன்று திறக்கப்பட்டது. நெசவாளர்கள் அங்கு வந்து, கூலி பெற்றுக்கொண்டு, புதிய தறியில் நெய்து பழகலாம். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆயினும் குறித்த மணிக்கு வந்து குறித்த மணிக்குப் போகும் ஒழுங்கு நெசவாளருக்கு ஒத்துவரவில்லை. வருகை சீராக இல்லை. காரணத்தைத் தறி வீட்டில் பிறந்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. கைத்தறி என்பது ஒருவர் தொழில் அன்று. மனைவி தார் சுற்றுவார், முதியவர் சிக்கெடுப்பார், பாவுக்குக் கஞ்சி போட அண்டை வீட்டாரும் கை கொடுப்பர். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிய கூடத்தில் உட்காரவைத்தால், மற்றக் கைகள் வீட்டில் சும்மா இருக்கும். 1910-இல் அந்தச் சாலை மூடப்பட்டது.

மூடப்பட்டது சாலைதான், விசைநாடா மூடப்படவில்லை. 1920-களில் அரசாங்கத் தொழில் துறையின் நெசவுப் போதனைக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று செய்து காட்டின. ஒருவர் தறியில் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் மாற்றிக்கொண்டனர். 1940-களின் தொடக்கத்துக்குள் சென்னை மாகாணத் தறிகளில் பெரும்பாலானவை விசைநாடாத் தறிகளாகிவிட்டன. கூடத்துக்கு வர மறுத்த அதே நெசவாளர் இனம், தன் வீட்டுக் குழித்தறியில் அதே பாடத்தைக் கற்றுக்கொண்டது.

பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. சேலத்திலேயே 1960-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் எத்தனையோ வல்லுநர்களை உருவாக்கியிருக்கிறது. இளம் மாணவர் பள்ளிக்குச் செல்லலாம். ஆனால் குடும்பமும் தறியும் உள்ளவருக்குப் பாடம் அவர் இருக்கும் இடத்துக்கு வரவேண்டும் என்பதே நாம் கண்டது.

தொடைக்கடியில் இரு கைகள்

ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு சிற்றூரில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அறுபதாண்டுகளாகத் தறியில் இருப்பவர். அவருடைய பேரன் பொறியியல் படிக்கிறான். அதில் அவருக்குப் பெருமைதான். அவரிடம் தறி கற்பவர் பக்கத்து வீட்டு மருமகள். வேளாண்மைக் குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தறியை முன்பின் கண்டறியாதவர்.

நாம் சென்றபோது அப்பெண் குழியில் கால்விட்டு மிதித்து நெய்துகொண்டிருந்தார். பெரியவர் அருகே தரையில் அமர்ந்திருந்தார். அவருடைய இரு கைகளும் தொடைகளுக்கு அடியில் செருகப்பட்டிருந்தன. குளிரோ என்று வினவினோம்.

"குளிரெல்லாம் இல்லைங்க சார். கை சும்மா இருக்க மாட்டேங்குது. அந்தப் புள்ளை நாடாவை இழுக்கறப்ப என் கையும் இழுக்கப் போகுது. அதான் மேல உட்கார்ந்து அழுத்தி வெச்சிருக்கேன்" என்றார்.

அவருடைய பாடத் திட்டத்தைக் கேட்டோம். முதலில் சில நாட்கள் தார் சுற்றுதல் மட்டும். நூலின் குணம் விரலுக்குத் தெரியவேண்டும். அடுத்து, அறுந்த இழையைப் பிணைத்தல். அதன்பின்பே தறியில் அமர்த்துதல். தறியிலும் முதலில் சேலை அன்று, துண்டு. "கரை கோணிப்போனாலும் துண்டு வீட்டுக்கு ஆகும். சேலையில உட்கார வெச்சா அதுக்கும் பயம், எனக்கும் பயம்."

பேசிக்கொண்டிருக்கையிலேயே பாவில் ஓர் இழை அறுந்தது. அப்பெண் கவனிக்கவில்லை, நெய்துகொண்டே போனார். நாம் பதறி, "அம்மா, இழை..." என்று தொடங்கினோம். பெரியவர் நம்மை ஒரு பார்வை பார்த்தார். கூட்டுறவுத் துறையில் எந்த மேலதிகாரியும் நம்மை அவ்விதம் பார்த்ததில்லை, வாயை மூடிக்கொண்டோம். நான்கு விரற்கடை துணி நெய்தான பின் அப்பெண் தாமாகவே நின்றார், குனிந்து பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார், நெய்ததைப் பிரித்து, இழையைப் பிணைத்து, மீண்டும் தொடங்கினார்.

வெளியே வந்தபின் பெரியவர் சொன்னார்: "நீங்க சொல்லியிருந்தா இன்னிக்கு அரை மணி மிச்சங்க சார். ஆனா நாளைக்கும் யாராச்சும் சொல்லுவாங்கன்னு அது காத்திருக்கும்."

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில், தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வந்த இலட்சக்கணக்கானோரை விரைவில் பழக்குவதற்கென ஒரு முறை வகுத்தார்கள். போருக்குப் பின் ஜப்பானிலும் அது பெரிதும் போற்றப்பட்டது. அதில் நான்கு படிகள்: கற்பவரின் அச்சத்தைப் போக்குதல், செய்து காட்டி விளக்குதல், அவரையே செய்யவிட்டுப் பார்த்தல், பின்னர்த் தனியே விட்டு அவ்வப்போது வந்து கவனித்தல். கற்பவர் கற்கவில்லையானால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அதன் அடிப்படை. இதனை நாம் ஒரு பயிற்சி வகுப்பில், மதிய உணவுக்குப் பின், பாதி உறக்கத்தில் கேட்டிருக்கிறோம். நம்மவர் பெரும்பாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறோம். பெரியவர் எந்த வகுப்புக்கும் போகாமல் நான்கு படியும் ஏறியிருக்கிறார்.

காட்டிலும் களத்திலும்

உழவர் பெருமக்கள் 'இது தறிக்காரர் கதை' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். ஏர் பூட்டிய காலத்தில் உங்கள் பாட்டனார் இளங்காளையை எப்படிப் பழக்கினார்? ஏற்கெனவே பழகிய எருதோடு ஒரே நுகத்தில் பூட்டினார். திரும்ப வேண்டிய இடத்தில் மூத்தது திரும்பும். இளையதும் கூடத் திரும்பும். அடியாத மாடு படியாது என்று பழமொழி சொல்லும் ஊரில்தான் அடியைவிட இணையை நம்பிய இந்த வழக்கமும் இருந்தது. சங்கத்தில் புதிய இயக்குநரைப் பழையவர் பக்கத்தில் அமர்த்தி, ஒரே வேலையை இருவரிடமும் கொடுத்துப் பாருங்கள்.

சில அறிவு ஏட்டில் ஏறாது. மஞ்சள் வேகவைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நுரை பொங்கி, வெண்ணிற ஆவியோடு தனி மணம் எழுந்ததும் இறக்க வேண்டும். சிறு குச்சியால் குத்தினால் கிழங்கில் எளிதாக இறங்க வேண்டும். முன்னதாக இறக்கினாலும் கேடு, அதிகம் வெந்தாலும் நிறம் கெடும். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மணம் புத்தகத்தில் இல்லை. தகப்பனார் மகனைக் கொப்பரை அருகே நிறுத்தி, "இப்போது இறக்கலாமா, நீயே சொல்லு" என்று கேட்கும் நாளில்தான் மகன் மஞ்சள் உழவனாகிறான். மரவள்ளிக் கரணையும் அப்படியே. முற்றிய தண்டின் நடுப்பகுதியில், எட்டுப் பத்துக் கணுக்கள் உள்ள துண்டாக நறுக்க வேண்டும் என்று ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தார் போன்றோர் சொல்வதைக் கேட்பது ஒன்று. கையில் கத்தி வாங்கி நறுக்குவது மற்றொன்று.

எல்லா இடத்திலும் கையைக் கட்டிக்கொள்ளலாமா என்றால், கூடாது. நாமக்கல் பக்கத்து லாரிகளில் கிளீனராக ஏறி டிரைவராக உயர்ந்தவர் ஏராளம். அதற்காக உரிமம் இல்லாதவர் கையில் நெடுஞ்சாலையில் சக்கரத்தைக் கொடுக்க முடியுமா? மின்மோட்டார், கொதிக்கும் கொப்பரை, பூச்சிமருந்து, ரொக்கப் பெட்டி ஆகிய நான்கிடத்திலும் கற்பிப்பவர் கை அருகிலேயே இருக்கவேண்டும். தவறினால் துண்டு கோணும் இடத்தில் விடலாம். தவறினால் விரல் போகும் இடத்திலும், பிறர் பணம் போகும் இடத்திலும் விடலாகாது. இந்த வேறுபாட்டை அறிவதே கற்பிப்பவரின் படிப்பு.

நாம் செய்யக்கூடியவை

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களில் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில சரக்குகளே இருந்தன. முதலில் வாரத்தில் இரண்டு மாலைகளே கடை திறந்திருந்தது. கடை நடத்திப் பழகாத அவர்கள் செய்து செய்தே கற்றார்கள். பின்னாளில் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு கல்விக்கென்று ஒதுக்கி, வாசக சாலையும் வகுப்புகளும் நடத்தினார்கள். அந்த வழியில்தான் நம் சங்கங்களும் நிகர லாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்திவருகின்றன. பணம் செலுத்திவிட்டால் கல்வி முடிந்துவிட்டது என்று எண்ணாதிருந்தால் போதும்.

அங்கத்தினர்கள் சிந்தனைக்குச் சில சொல்கிறோம்.

சங்கத்தில் எந்த வேலையும் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக இருத்தலாகாது. மாதத்தில் ஒரு நாள், வழக்கமாகச் செய்பவர் அருகில் அமர்ந்திருக்க, இரண்டாமவர் அன்றைய கணக்கு முழுவதையும் எழுதட்டும். வழக்கமாகச் செய்பவர் பேனா இல்லாமல் வரட்டும். முடியாதென்றால் ஜலகண்டாபுரத்துப் பெரியவரின் முறை இருக்கவே இருக்கிறது.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மாதாந்தர வரவு செலவைக் காரியதரிசியே படிக்காமல், இயக்குநர்கள் முறைவைத்துப் படிக்கட்டும். படிக்கத் தடுமாறினால் சிரிக்க வேண்டாம். தடுமாறுகிற இடத்தில்தான் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் சங்கத்துக்கு நல்லது. பெண் இயக்குநர்கள் கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படும் சங்கங்களில் இது இன்னும் அவசியம்.

ஒருவருக்கு மட்டும் விளங்கும் பென்சில் குறிகள் பேரேட்டில் வேண்டாம். குறி தேவையென்றால் அதன் பொருளை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கணிப்பொறி வந்துவிட்டதே என்பீர்கள். கடவுச்சொல் ஒருவர் பெயரில் இருப்பது சரியே. ஆனால் அவர் இல்லாத நாளில் முறைப்படி பொறுப்பேற்க வேறொருவர் பழகியிருக்கிறாரா? இல்லையெனில் பென்சில் சுழி திரைக்குள் குடியேறியிருக்கிறது என்றே பொருள்.

வீட்டில் இதுவரை வங்கிக்குப் போகாதவர் ஒருவர் இருப்பார். அடுத்த முறை சீட்டை அவரே நிரப்பட்டும். ஒன்று கிழிந்தால் வங்கி இன்னொன்று கொடுக்கும்.

எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கும் ஒன்று. இனி நாம் எந்தச் சங்கத்துக்கு வந்தாலும் முதல் கேள்வி இருப்பு எவ்வளவு என்பதாக இராது. "இந்த வேலை வேறு யாருக்குத் தெரியும்?" என்று கேட்கப்போகிறோம். பதிலாக ஒரு பெயர் வந்தால், அவரை அழைத்து நம் எதிரில் செய்யச் சொல்லுவோம். அவர் பற்றை வரவில் எழுதினால் பேனாவை வாங்கமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். கை துறுதுறுத்தால் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளுவோம். சங்கத்தார் நாற்காலி சற்று உயரமாகப் போட்டால் நலம்.

நம் மகள் செய்தியைக் கூறி முடிக்கிறோம். சென்ற ஞாயிறு அவள் தன் தம்பிக்குச் சைக்கிள் பழக்க அழைத்துச் சென்றாள். நாம் ஏரிக்கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பி ஏறுமுன்பே சைக்கிளின் பாகங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடந்தது. பிறகு அவள் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவன், "விடுக்கா, விடுக்கா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

நாம் எழுந்து போய், விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தோம். பின்னர்ப் பெரியவரின் பார்வை நினைவுக்கு வந்தது. இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே அமர்ந்திருந்தோம்.